கால்வெஸ்டன் வீட்டு வாடகையில் 15 சதவீதம்: ஒரு ஹோஸ்டின் வரி அனுபவம்

டெக்சஸில் வீட்டை நாள் வாடகைக்கு விடப்போகிறோம் என்று யாராவது யோசனை கேட்டு வந்தால், நான் முதலில் கேட்பது இதைத்தான்: "நகர வரியை யார் கட்டப்போறீங்க?" பெரும்பாலும் வருகிற பதில், "அதெல்லாம் ஏர்பிஎன்பியே பிடிச்சுக் கட்டிடும்ல?" (வீட்டுக்கு விருந்தினரைச் சேர்த்துவிடுகிற இணையத் தளம் அது.) இது பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். சின்ன வீட்டை வைத்துக்கொண்டு, கடனும் கட்டிக்கொண்டு, நாலு காசு மிஞ்சுமா என்று பார்க்கிற குடும்பங்கள் இதனால் கைக்காசை இழப்பதைப் பார்த்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஹூஸ்டனுக்குத் தெற்கே பியர்லாண்டில். மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிற ஊர் என்றால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். வாடகைக்கு விடுவது கடற்கரைத் தீவு நகரமான கால்வெஸ்டனில், சீவால் என்கிற கடற்சுவரிலிருந்து சில தெருக்கள் உள்ளே தள்ளி இருக்கிற இரண்டு படுக்கையறை வீடு. கோடையில் ஹூஸ்டனிலிருந்து வருகிற குடும்பங்கள், கப்பல் ஏறுவதற்கு முந்தின இரவு தங்குகிறவர்கள், பிப்ரவரி வாக்கில் மார்டி க்ரா திருவிழாக் கூட்டம், நவம்பரில் மோட்டார் சைக்கிள் திருவிழாக் கூட்டம், அப்புறம் வருடம் முழுக்க யுடிஎம்பி மருத்துவமனையைச் சுற்றி வேலைக்கும் வைத்தியத்துக்கும் வருகிறவர்கள். இந்தக் கடைசி வகையினர் வரிக் கணக்கில் தனி ரகம். அவர்களைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் இது என்ன வரி என்று பார்த்துவிடலாம். விருந்தினர் தங்குவதற்குக் கொடுக்கிற பணத்தின் மேல் விழுவது ஹோட்டல் ஆக்குபன்சி டாக்ஸ். வீட்டுக்காரர் கட்டுகிற சொத்து வரி வேறு, வாடகை வருமானத்துக்கு மத்திய வரித்துறையான ஐஆர்எஸ் கேட்கிற வருமான வரி வேறு. இந்த வரியைக் கொடுப்பவர் விருந்தினர். நாம் வாங்கி அரசிடம் சேர்க்க வேண்டியவர்கள். டெக்சஸ் மாநிலத்தின் பங்கு 6 சதவீதம். அதற்கு மேல் நகரம் தன் பங்கைப் போடும்; சில இடங்களில் மாவட்டம் மாதிரியான கவுன்ட்டியும் சேரும். கால்வெஸ்டன் நகரத்தின் பங்கு 9 சதவீதம். ஆக மொத்தம் 15. ஆஸ்டினில் நகரம் 11 சதவீதம் வாங்குகிறது, மாநிலத்தோடு சேர்த்து 17. ஹூஸ்டனிலும் 17தான். ஆனால் அங்கே நகரம் 7, ஹாரிஸ் கவுன்ட்டி 2, விளையாட்டு அரங்கங்களுக்கான அமைப்பு 2, மாநிலம் 6 என்று நாலு பேர் பங்கு போட்டுக்கொள்கிறார்கள்.

"எங்க வீடு என்ன ஹோட்டலா?" என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 செப்டம்பர் 1 முதல் டெக்சஸ் சட்டமே குறுகிய கால வாடகை வீட்டையும் இந்த வரிக்குள் வெளிப்படையாகச் சேர்த்துவிட்டது. முழு வீடானாலும் சரி, மாடியில் ஓர் அறையானாலும் சரி. வருடத்தில் சில நாள்தான் விடுகிறோம் என்பதற்கும் விலக்கு இல்லை.

இதில் ஒரு குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். குடியிருக்கிற வீட்டை வருடத்தில் 15 நாளுக்குக் குறைவாக வாடகைக்கு விட்டால் அந்த வருமானத்தை வருமான வரியில் காட்ட வேண்டாம் என்று மத்திய வரிச் சட்டத்தில் ஒரு சலுகை உண்டு. அதைக் கேள்விப்பட்டவர்கள் ஆக்குபன்சி வரியும் கிடையாது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சலுகைக்கும் இந்த வரிக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஒரு வார இறுதிக்கு விட்டாலும் மாநிலத்துக்கு 6, நகரத்துக்கு 9 போக வேண்டும்.

சரி, யார் கட்டுவது? 2017 மே மாதத்திலிருந்து டெக்சஸில் மாநிலத்தின் 6 சதவீதத்தை ஏர்பிஎன்பி தானே விருந்தினரிடம் வாங்கி மாநிலத்துக்குக் கட்டுகிறது. ஹோஸ்ட், அதாவது வீட்டை விடுகிறவர், பார்க்கிற பக்கத்தில் "வரி வசூலிக்கப்பட்டது" என்று ஒரு குறிப்பு தெரியும். அதைப் பார்த்ததும் எல்லா வரியும் போய்விட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அது மாநில வரி மட்டும். நாங்கள் ஆரம்பித்தபோது கால்வெஸ்டனின் 9 சதவீதம் முழுக்க ஹோஸ்டின் பொறுப்பு. நகரத்தில் வீட்டைப் பதிவு செய்து, அங்கே கொடுக்கிற ஜிவிஆர் என்று தொடங்கும் எண்ணை விளம்பரத்தில் போட்டு, வரியை நாமே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஊருக்கு ஊர் இது மாறும். ஆஸ்டினில் 2025 ஏப்ரல் 1 முதல் நகர வரியையும் தளங்களே வசூலித்துக் கட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அதனால் டாலஸில் இருக்கிற மைத்துனர் சொன்னார், ஆஸ்டினில் இருக்கிற தோழி சொன்னாள் என்று எதையும் முடிவு செய்ய வேண்டாம். உங்கள் தளம் உங்கள் முகவரிக்கு எந்தெந்த வரியைப் பிடிக்கிறது என்ற பட்டியல் தளத்தின் உதவிப் பக்கத்தில் இருக்கும். அதை ஒரு புறம், நகரத்தின் வரிப் பக்கத்தை மறுபுறம் வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று சரிபாருங்கள். இரண்டு தளங்களில் விளம்பரம் போட்டிருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று பிடிப்பதால் இன்னொன்றும் பிடிக்கும் என்று இல்லை.

முகவரி விஷயத்தில் இன்னொரு கண்ணி இருக்கிறது. கால்வெஸ்டன் தீவிலேயே மேற்குப் பக்கம் ஜமைக்கா பீச் என்று ஒரு தனி நகரம் உண்டு. ஜிப் கோடு பக்கத்து கால்வெஸ்டன் வீடுகளுக்கும் அதேதான். அங்கே வீடு வாங்குகிறவர் கால்வெஸ்டனுக்கு வரி கட்டிக்கொண்டிருந்தால், கட்ட வேண்டிய ஊருக்குக் கட்டாதவராகிவிடுவார். தபால் முகவரியை நம்ப வேண்டாம். சொத்து வரி ரசீதை எடுத்து, எந்த நகரம் உங்களிடம் வரி வாங்குகிறது என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இனி கணக்கு. நான் ரொம்ப வலியுறுத்துவது இதைத்தான்.

ஒரு குடும்பம் மூன்று இரவு தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இரவுக்கு 180 டாலர், ஆக 540. சுத்தம் செய்யும் கட்டணம் 120. நாய் கூட்டி வருகிறார்கள், அதற்கு 50. மொத்தம் 710. வரி எதன்மேல்? 540 மேல் அல்ல, 710 மேல். தங்குவதோடு ஒட்டிய, விருந்தினர் கட்டாயம் கொடுக்க வேண்டிய கட்டணம் எல்லாம் டெக்சஸில் அறைக்கான விலையில் சேர்ந்துவிடும். சுத்தம் செய்யும் கட்டணத்தை நாம் அப்படியே துப்புரவுப் பெண்மணியிடம் கொடுத்துவிடுகிறோமே என்று கேட்கலாம். கொடுத்தாலும் வரி உண்டு. ஆக, மாநிலத்துக்கு 42.60. நகரத்துக்கு 63.90.

எங்களுக்கு முதலில் கணக்கு எழுதிக்கொடுத்தவர் வங்கியில் வந்து விழுந்த தொகையை எடுத்து அதில் 9 சதவீதம் போட்டிருந்தார். அனுபவமுள்ளவர்தான், ஆனால் கடைக் கணக்குப் பழக்கம். வங்கிக்கு வருவது தளம் தன் கட்டணத்தைக் கழித்துக்கொண்ட பிறகு மிஞ்சுவது. அந்தக் கட்டணம் நமக்குச் செலவு, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆக்குபன்சி வரியில் கழிக்க முடியாது. தளத்துக்கு 3 சதவீதம் மட்டும் போகிற முறையில் வித்தியாசம் சில்லறைதான், இரண்டு டாலர்கூட வராது. ஆனால் கட்டணம் முழுவதும் ஹோஸ்ட் தலையில் விழுகிற முறையில் 15.5 சதவீதம் போகும்போது பாருங்கள்: 710-ல் 110.05 போய், கைக்கு வருவது 599.95. அதில் 9 சதவீதம் 54 டாலர். கட்ட வேண்டியதோ 63.90. ஒரு புக்கிங்குக்கே பத்து டாலர் குறைகிறது. வருடம் முழுக்க இப்படிப் போனால், தணிக்கை என்று வருகிற அன்று மொத்தமாகச் சேர்ந்து நிற்கும். நல்லவேளை, என் கணவர் முதல் படிவத்தை அனுப்புவதற்கு முன் ஒரு புக்கிங்கின் விலைப் பிரிவைத் திறந்து வைத்து ஒப்பிட்டார், அங்கேயே பிடிபட்டது.

இந்த 63.90-ஐ விருந்தினரிடமிருந்து எப்படி வாங்குவது? தளத்தின் ஹோஸ்ட் அமைப்புகளில் நாமாக வரி சேர்க்கிற இடம் இருக்கிறது. வரியின் வகை, சதவீதம், எந்தெந்தக் கட்டணத்துக்குப் பொருந்தும், நகரம் கொடுத்த பதிவு எண், நீண்ட காலம் தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டா என்று கேட்கும். "எந்தெந்தக் கட்டணத்துக்கு" என்ற இடத்தில் சுத்தம் செய்யும் கட்டணத்தையும் டிக் செய்யுங்கள். பலர் இரவு வாடகையை மட்டும் டிக் செய்துவிட்டு, மீதியைக் கையிலிருந்து கட்டுகிறார்கள். மாநில வரியைத் தளமே பிடிக்கும்போது அதையும் இங்கே இன்னொரு முறை சேர்த்துவிடக் கூடாது. இரண்டு முறை வாங்கினால் அது விருந்தினரை ஏமாற்றுவது. சேமித்ததும் விருந்தினர் போல உள்ளே போய் ஒரு தேதியைத் தேர்ந்து விலைப் பிரிவைப் பாருங்கள். நாங்கள் விலை மாற்றும்போதெல்லாம் இதைச் செய்கிறோம்.

இப்படி வாங்குகிற வரி வாடகையோடு சேர்ந்தே நம் கணக்குக்கு வந்துவிடும். அதுதான் ஆபத்து. ஜூலையில் வங்கி இருப்பு கொழுத்துத் தெரியும், ஏசி பழுதாகும், எடுத்துச் செலவழித்துவிடத் தோன்றும். அந்தப் பணத்தை நாங்கள் கோயில் உண்டியல் காசு மாதிரிதான் பார்க்கிறோம்: கையில் இருக்கிறது, நம்முடையது அல்ல. அதற்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து, ஒவ்வொரு தொகை வரும்போதும் வரிப் பங்கை அன்றைக்கே அங்கே மாற்றிவிடுகிறோம். இது கணக்குப் பாடமே இல்லை, பழக்கம். ஆனால் இந்தப் பழக்கம் இருக்கிற யாரும் வரி கட்டப் பணமில்லாமல் தவித்து நான் பார்த்ததில்லை.

தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தீவின் மேற்குப் பக்கம் வீடு வைத்திருக்கிற ஒரு நண்பருக்கு, எல்லாம் தளமே கட்டுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த நிலையில், நகர வரிப் பாக்கி கேட்டு கடிதம் வந்தது. அவர் விருந்தினரிடம் நகர வரியை வாங்கவே இல்லை. வந்தவர்கள் வந்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து இனி கேட்க முடியுமா? அபராதத்தோடு முழுத்தொகையும் அவர் சேமிப்பிலிருந்துதான் போனது. மகனின் கல்லூரிக்கு வைத்திருந்த பணம். மனுஷன் யாரையும் ஏமாற்ற நினைத்தவர் இல்லை. அந்த வாரம் அவர் மனைவி என்னோடு போனில் பேசியது இன்னும் மனதில் இருக்கிறது. "யாராவது ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா..." என்றாள்.

நம் ஊர்க்காரர்களிடம் வருகிற இன்னொரு சங்கடத்தைச் சொல்ல வேண்டும். கோயிலில் பழக்கமான ஒரு மாமா. கலிபோர்னியாவிலிருந்து மகள் குடும்பம் வருகிறது, வார இறுதிக்கு வீடு வேண்டும் என்றார்.

"தளத்துக்கு எதுக்கும்மா கமிஷன்? நான் நேரா ஸெல் ஆப்பில் பணத்தைப் போட்டுடறேன்."

"தாராளமா போடுங்க மாமா. வரி 15 பர்சென்ட் மட்டும் தனியாச் சேரும்."

"நமக்குள்ளேயே வரியா?"

"எனக்கு இல்ல மாமா. மாநிலத்துக்கும் கால்வெஸ்டனுக்கும். நான் வாங்கிக் கட்டலேன்னா என் கைக்காசுலேர்ந்து போகும்."

அவர் மறுபேச்சில்லாமல் கொடுத்தார். புரியும்படி சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சொந்தக்காரருக்கு வீட்டைச் சும்மா கொடுத்தால் வரி இல்லை, ஏனென்றால் விலையே இல்லை. குறைத்துக் கொடுத்தால் குறைந்த விலைக்கு வரி. 400 டாலருக்குக் கொடுத்தோம் என்றால் மாநிலத்துக்கு 24, நகரத்துக்கு 36. பணமாகக் கொடுத்தாலும் ஸெல்லில் கொடுத்தாலும் ஒன்றுதான்.

இப்படி நேரடியாக ஆள் எடுக்கிற அன்றே உங்கள் வேலை மாறுகிறது. தளம் நடுவில் இல்லாததால் மாநிலத்தின் 6 சதவீதத்தையும் நீங்களே கட்ட வேண்டும். அதற்கு மாநில வரியை வசூலிக்கிற டெக்சஸ் கம்ப்ட்ரோலர் அலுவலகத்தில் ஆக்குபன்சி வரிக்கான பதிவு வேண்டும். ஆன்லைனில் முடிந்துவிடுகிற வேலைதான். பதிவு செய்ததும் கெடு வந்துவிடுகிறது: மாதாந்திரம் என்றால் அடுத்த மாதம் 20-ம் தேதிக்குள். மாதத்துக்கு 500 டாலருக்கோ காலாண்டுக்கு 1,500 டாலருக்கோ குறைவான வரி என்றால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போதும். ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி 20. நேரத்துக்குக் கட்டினால் வரியில் 1 சதவீதத்தை நாமே வைத்துக்கொள்ள மாநிலம் அனுமதிக்கிறது. தாமதித்தால் முதல் 30 நாளுக்குள் 5 சதவீத அபராதம், அதைத் தாண்டினால் 10 சதவீதம், 61-வது நாளிலிருந்து வட்டி. இதெல்லாம் போக, தாமதமாக அனுப்பிய ஒவ்வொரு படிவத்துக்கும் 50 டாலர்.

அந்த 50 டாலர்தான் நிறையப் பேரைக் கடிக்கிறது. "நேரடி புக்கிங்கே வரலை, எதுக்குப் படிவம்?" என்று விட்டுவிடுகிறார்கள். பதிவு இருக்கிறவரை, ஒன்றுமே வராத காலத்துக்கும் பூஜ்ஜியம் போட்டு அனுப்ப வேண்டும். 2024 ஜூலை 8 அன்று பெரில் புயல் மடகோர்டா பக்கம் கரை ஏறியதே, ஹூஸ்டன் பக்கம் எத்தனை வீடுகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை! எங்களுக்கும் புக்கிங் எல்லாம் ரத்து, வாங்கிய வாடகையை வரியோடு திருப்பிக் கொடுத்தோம். ஆனால் ஜூலை 20 அதன்பாட்டுக்கு வந்தது. போன் சார்ஜ் இருக்கிற நேரத்தில் படிவத்தை அனுப்பினோம். திருப்பிக் கொடுத்த புக்கிங்குகளின் ரசீதை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தோம், ஏனென்றால் பணம் வந்ததற்கான பதிவு தளத்தில் இருக்கும். திரும்பிப் போனதை நாம்தான் காட்ட வேண்டும்.

இப்போது அந்த மருத்துவமனை விருந்தினர்கள். 30 நாளும் அதற்கு மேலும் தொடர்ச்சியாகத் தங்குகிறவருக்கு டெக்சஸில் இந்த வரி கிடையாது. ஒப்பந்த நர்சுகள் பெரும்பாலும் 13 வாரம் இருப்பார்கள். ஜனவரியில் வடக்கே பனிக்குப் பயந்து வருகிற வயதானவர்கள் ஒன்றிரண்டு மாதம் இருப்பார்கள். இவர்களுக்கு 15 சதவீதம் மிச்சம் என்பது பெரிய விஷயம். ஆனால் விலக்கு எந்த நாளிலிருந்து என்பது அவர்கள் எழுதிக் கொடுப்பதைப் பொறுத்தது. 30 நாளாவது தங்கப்போகிறேன் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கொடுத்திருந்தால் முதல் நாளிலிருந்தே வரி இல்லை. எழுத்து இல்லாமல் நாளுக்கு நாள் நீட்டித்துக்கொண்டே போனால் முதல் 30 நாளுக்கு வரி உண்டு, அதற்குப் பிறகுதான் விலக்கு. நடுவில் இடைவெளி விட்டாலும் விலக்கு போய்விடும்.

எழுதிக் கொடுத்துவிட்டு 30 நாளுக்குள் காலி செய்தால்? முழுக் காலத்துக்கும் வரி விழும். ஒரு நர்ஸ் பெண்ணுக்கு மூன்றாவது வாரத்திலேயே ஒப்பந்தம் ரத்தாகிவிட்டது. பாவம், அவள் தவறு எதுவும் இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் நாங்கள் முன்பே ஒரு நிபந்தனை சேர்த்திருந்தோம்: 30 நாளுக்கு முன் கிளம்பினால் தங்கிய நாட்களுக்கான வரி முன்பணத்திலிருந்து கழிக்கப்படும். அதை முதல் நாளே அவளிடம் வாசித்துக் காட்டியிருந்ததால் கணக்கைப் பார்த்துத் தலையாட்டினாள். அந்த ஒரு நிபந்தனை இல்லையென்றால் சங்கடப்பட்டு நாங்களே கட்டியிருப்போம். நீண்ட கால வாடகைக்கு விடுகிற எல்லோரும் இதைச் சேர்க்கச் சொல்லி மன்றாடிக் கேட்கிறேன்.

வேறு விலக்குகளும் உண்டு. மத்திய அரசு ஊழியர் அலுவல் வேலையாக வந்தால் இரண்டு வரியும் இல்லை. வழியிலேயே நாசாவின் ஜான்சன் மையம் இருப்பதால் இப்படி எப்போதாவது யாராவது வருவார்கள். அடையாள அட்டையைப் பார்த்து, மாநிலத்தின் விலக்குச் சான்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். அறக்கட்டளை, மத அமைப்பு, கல்வி நிறுவனம் என்று வருகிறவர்களுக்கு மாநிலத்தின் 6 மட்டும்தான் விலக்கு; நகரத்தின் 9 கட்டித்தான் ஆக வேண்டும். நம் தமிழ்ச் சங்க நண்பர்கள் "நாங்க லாப நோக்கமில்லாத அமைப்பு" என்று சொல்லிக் கேட்கும்போது இதைப் பொறுமையாக விளக்குங்கள். சங்கத்தின் வேலையாக வருகிறார்களா, சங்கத்தின் பெயரில் சான்று இருக்கிறதா என்றும் பாருங்கள். குடும்பத்தோடு கடற்கரைக்கு வருவதற்குச் சங்கத்தின் சான்று செல்லாது. கையில் படிவம் இல்லாமல் வாய்வார்த்தையாக விட்டுக்கொடுத்தால் அந்த வரி நம் தலையில்தான்.

மாதா மாதம் நாங்கள் செய்வது பெரிய வித்தை இல்லை. முதல் வார இறுதியில் தளத்திலிருந்து பரிவர்த்தனைப் பட்டியலை இறக்கி, எங்கள் எக்செல் தாளில் வந்த தேதி, போன தேதி, வாடகை, சுத்தக் கட்டணம், நாய்க் கட்டணம், விலக்கு, மாநில வரி யார் கட்டியது, நகர வரி என்று நிரப்புகிறோம். நேரடி புக்கிங்கைத் தனி நிறத்தில் போடுகிறோம். நகரத்தின் படிவம் மொத்த வரவு, அதில் விலக்கு, மிச்சம் என்று கேட்கும். தாளின் கூட்டுத்தொகையை அப்படியே எழுதலாம். கட்டிய ரசீதை உடனே இறக்கி வைத்துவிடுகிறோம். குறைந்தது நாலு வருடத்துக் கணக்கு கையில் இருக்க வேண்டும். தளத்தில்தானே எல்லாம் இருக்கிறது என்று விடாதீர்கள். கணக்கு முடங்கினால் அல்லது தளத்தை மாற்றினால் பழைய விவரம் எடுப்பது பாடு. வீட்டை நிர்வகிக்க ஆள் வைத்திருந்தால், வரியை அவர் கட்டுகிறாரா நீங்களா என்பது ஒப்பந்தத்தில் இருக்கட்டும், கட்டிய ரசீதை மாதாமாதம் கேட்டு வாங்குங்கள்.

வருமான வரி சமயத்தில், தளம் மூலம் வந்த மொத்த வரவைக் காட்டுகிற 1099-கே படிவத்தில் தெரிகிற தொகை வங்கியில் வந்ததைவிடப் பெரிதாக இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டாம். தளத்தின் கட்டணமும், நீங்கள் சேர்த்த நகர வரியும் அதற்குள் இருக்கக்கூடும். நம் தாள் சரியாக இருந்தால் கணக்காளருக்கு இதைப் பிரித்துக் காட்டுவது சுலபம்.

இந்தப் பணம் எங்கே போகிறது என்பதும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நகரத்தின் ஆக்குபன்சி வரியை எதற்கும் இஷ்டத்துக்குச் செலவழிக்க டெக்சஸ் சட்டம் விடாது; சுற்றுலாவையும் தங்குமிடத் தொழிலையும் வளர்க்கிற காரியங்களுக்குத்தான், அதாவது மாநாட்டு மையம், விளம்பரம், கலை, பழைய கட்டடங்களைக் காப்பது போன்றவை. கால்வெஸ்டன் மாதிரித் தீவு நகரங்களுக்கு மாநிலமும் தன் 6 சதவீதத்தில் ஒரு பகுதியைக் கடற்கரையைச் சுத்தமாக வைத்திருக்கத் திருப்பிக் கொடுக்கிறது. சில கோடைகளில் சர்காசம் பாசி கரை முழுக்க ஒதுங்கி நாறும்போது அதிகாலையில் இயந்திரங்கள் வந்து ஒதுக்குவதை நான் நின்று பார்ப்பேன். அந்தக் கடற்கரை இல்லையென்றால் எங்கள் வீட்டுக்கு யார் வரப்போகிறார்கள்? விருந்தினர் யாராவது வரியைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டால் இதைத்தான் சொல்கிறேன்.

கடைசியாக, ஏற்கெனவே வாடகைக்கு ஓடிக்கொண்டிருக்கிற வீட்டை வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். டெக்சஸில் அப்படிப்பட்ட வீட்டை வாங்கும்போது, விற்பவர் ஆக்குபன்சி வரிப் பாக்கி வைத்திருந்தால் அது வாங்குகிறவர் மேல் வந்து விழலாம். விற்பவர் கட்டிய ரசீதையோ பாக்கி இல்லை என்ற சான்றிதழையோ காட்டுகிறவரை, பாக்கிக்குத் தேவையான தொகையை விலையிலிருந்து நிறுத்தி வைக்க வேண்டியது வாங்குகிறவரின் கடமை. சான்றிதழ் மாநிலத்திடமும் வாங்க வேண்டும், நகரத்திடமும் வாங்க வேண்டும். ஒன்று மற்றதற்கு ஈடாகாது. பக்கத்துத் தெருவில் இன்னொரு வீட்டுக்கு நாங்கள் பேசியபோது ஏஜென்ட், பத்திரத்தைச் சரிபார்க்கிற டைட்டில் கம்பெனி இரண்டு தரப்பும் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டின் மேல் கடன் இருக்கிறதா, சொத்து வரி பாக்கியா என்று மட்டும் பார்த்தார்கள். நாங்கள் கேட்டதும் விற்பவர் "எல்லாம் தளமே கட்டிடுச்சு" என்றார். ஒப்பந்தத்தில் நிபந்தனையாகச் சேர்க்கச் சொன்னோம், அவர் முணுமுணுத்துக்கொண்டே நகரத்துக்கு எழுதிப்போட்டார். விற்பனையை முடிக்கிற க்ளோசிங் தேதி தள்ளிப்போனது. இரண்டு சான்றிதழும் கைக்கு வந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டோம்.